கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள்

பேய் இல்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இருக்கிறது என்றும் சொன்னதில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடிப்போய், "அத்த, ஒடைஞ்ச பீங்கான் கொட்டுற எடத்துல பேய் நிக்கிது" என்று சொன்னால், கையில் இருக்கிற வேலையை நிறுத்தாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"அதுக்கு என்ன வேணுமாம்?"

பேயைக் கண்டால் ஓடத் தெரியும், கத்தத் தெரியும், திருநீறு பூசிக்கொள்ளத் தெரியும். உனக்கு என்ன வேண்டும் என்று நின்று கேட்க யாருக்குத் தெரியும்?

"கேக்காமலே வந்துட்டீங்களா? இந்த வெயில்ல சும்மா வந்து நிக்க அதுக்கு என்ன தலையெழுத்தா? போயி கேட்டுட்டு வாங்க."

கூட்டமாகத் திரும்பிப் போவோம். போனால் அங்கே பிய்ந்துபோன சாக்கு ஒன்று முள்ளில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். "அத எடுத்து வுட்டீங்களா? அதான அதுக்கு வேணும்" என்பார். நாங்கள் மறுபடி போய் சாக்கை எடுத்துவிட்டு வருவோம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தைக் கடக்கும்போது எங்களில் யாருக்கும் பயம் வந்ததில்லை.

இது இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் விருத்தாசலத்துக்கு வந்து, பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தோம். எனக்குப் பதினோரு வயது. வயதுக்கு மீறின மூளை என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் எண்ணம். பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் 'துப்பு' என்று தலைப்புப் போட்டு, யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று குறித்துவைப்பேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மனம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டோம், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அவரை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு நான் அலறிவிட்டேன். குடிவந்த மறுநாள். உச்சி வெயில். கதவைத் திறந்தால் வாசலில் ஓர் உருவம். முழங்கை வரை வெள்ளை, முந்தானை வெள்ளை, புருவமும் கண்ணிமையும்கூட வெள்ளை. அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து, "பயப்படாத பாப்பா. எனக்கு என்ன வேணும்னு கேளு" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டே, "என்ன வேணும்?" என்றேன். "ஒரு கொடம் தண்ணி. எங்க வூட்டுக் கொழாயில காத்துதான் வருது." குடத்தை நிரப்பிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குள் போனார். பேய் அத்தோடு தீர்ந்தது.

பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. கரைத்த வெள்ளைக் களிமண்ணை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகளில், அச்சின் இரண்டு பாதிகளும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு விழும். சூளைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கோட்டை ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் பொம்மையின் மூக்கு போய்விடும். துடைக்காமல் விட்டால் சுட்ட பிறகு முகத்தின் நடுவே தழும்பு. நாளெல்லாம் பிள்ளையார்கள், கிருஷ்ணர்கள், தொப்பி வைத்த நாய்கள் என்று முகம் முகமாகத் துடைத்துவிட்டு வருவார். கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட நிழல் உண்டு, மற்ற பெண்கள் அங்கேதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்கள். இவர் மட்டும் எந்த வெயிலிலும் மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு நடந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நான் அதையும் 'துப்பு' நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவர் வீட்டில் கூட்டம் சேரும். நான், எதிர்வீட்டுச் செல்வி, அவள் தம்பி பாபு, இன்னும் இரண்டு மூன்று பேர். அத்தையிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய பேய்க்கதைப் புத்தகங்கள் இருந்தன. பிள்ளைகளுக்கென்று போடுகிற மெல்லிய புத்தகங்கள். அட்டையில் மண்டை ஓடோ, அரிக்கேன் விளக்கோ, மாடிப்படியில் இறங்கும் வெறும் கால்களோ இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் பொறுக்கி எடுத்து வருவார். அவரே படித்துக் காட்டுவார். பேய் பேசுகிற இடம் வந்தால் குரலை மாற்ற மாட்டார், பல்லைக் கடிக்க மாட்டார். பக்கத்து வீட்டில் கருவேப்பிலை கேட்கிற குரலில் பேய் பேசும். கேட்கக் கேட்க அந்தப் பேயின் மேல் பாவமாக இருக்கும்.

ஆனால் எந்தப் புத்தகத்துக்கும் முடிவு கிடையாது. கடைசி ஏழெட்டுப் பக்கங்கள் இருக்காது. கிழிந்துபோன புத்தகங்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். தாளை மடித்து, நகத்தால் கீறி, பிசிறில்லாமல் எடுத்திருக்கிற அழகைப் பார்த்துவிட்டு, இது அத்தையின் கைவேலை என்று நான்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "முடிவு உங்ககிட்டதான இருக்குது. ஆளுக்கு ஒன்னு சொல்லுங்க" என்றார்.

ஆளுக்கு ஒன்று சொல்வோம். செல்வியின் கதைகளில் எல்லாப் பேயும் கடைசியில் அம்மனாக மாறிவிடும். நான் திருடனைப் பிடித்துக் கொடுப்பேன். ஒரு தடவை பாபு, "பேய்க்குத் தண்ணி தாகம். தம்பி போயி தண்ணி குடுத்தான். குடிச்சிட்டு அது மேல போயிடுச்சி" என்று நாலே வரியில் முடித்தான். அத்தை அவன் பக்கம் திரும்பி, "தண்ணி குடுக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருக்கும்ல" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செல்வி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பள்ளியில் கடைசிக் கழிப்பறையில் பேய் இருப்பதாக ஒரு பேச்சு. யாரோ உள்ளே இருக்கும்போது கதவு தானாகத் திறந்ததாம். செல்வி காலையில் போனால் சாயந்திரம் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் அடிவயிற்று வலியில் சுருண்டுவிட்டாள். அவள் அம்மா மந்திரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, அத்தை அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெள்ளை படிந்த புடவையோடு நேராகப் பள்ளிக்கு வந்தார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றிருந்தோம். வெளியே வந்து தலைமை ஆசிரியையிடம் சொன்னார்:

"கேட்டுட்டேங்க டீச்சர். அதுக்குத் தாப்பா வேணுமாம்."

அந்தக் கதவில் தாழ்ப்பாளே இல்லை. எத்தனை வருடமாக இல்லையோ. தலைமை ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாளே ஆள் வந்து தாழ்ப்பாள் வைத்தான். அந்த வாரமே பேய் போய்விட்டது. நான் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: பேய்க்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டால் பேய் போய்விடும். அத்தையிடம் நான் கற்றது அதுதான். சரியாகத்தான் கற்றிருந்தேன். அதில்தான் வினையே வந்தது.

ஒரு விடுமுறை நாளின் மத்தியானத்தில் அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வேவுதான் பார்த்தேன், பூசி மெழுக என்ன இருக்கிறது. உள்ளே அத்தை பேசிக்கொண்டிருந்தார். "இன்னைக்கிக் கொழம்புல கொஞ்சம் உப்பு ஜாஸ்தியாப் போச்சி… இரு, இரு. படிக்கலாம். ஞாயித்துக்கெழம எல்லாம் வருவாங்க, அப்ப படிக்கலாம்." எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, "அந்த ஜன்னல்கிட்டயெல்லாம் போவாத" என்றாள். விடாமல் பிடுங்கினேன். தெருப் பெண்கள் மூலமாக அம்மாவுக்குத் தெரிந்ததை, யாரிடமும் உளறக் கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னாள்.

அத்தைக்கு ஒரு பையன் இருந்தான். ஒரே பையன். நாங்கள் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முந்தின வருடம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. இங்கே பார்த்தும் குறையாமல் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி வண்டி ஏற்றினார்கள். பையனுக்குப் பேய்க்கதை என்றால் உயிர். வண்டியில் வலியில் அனத்தாமல் இருக்க அத்தை ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டே போனாராம். முடிகிற கட்டத்தில் நிறுத்தி, "மீதிய வூட்டுக்கு வந்து படிக்கிறேன். இப்ப கண்ண மூடித் தூங்கு" என்றாராம். முடிவைத் தெரிந்துகொள்ளவாவது பிள்ளை எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவான் என்று ஓர் ஆசை. வழியில் சேத்தியாத்தோப்பு தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவங்க வூட்டுக்காரரு திருப்பூருக்கு வேலைக்கிப் போயிட்டாரு. கூப்பிட்டா இவங்க போவ மாட்றாங்க. புள்ள வூட்டுக்கு வந்துருக்கான், தனியா வுட்டுட்டு எப்டி வர்றதுன்னு கேக்குறாங்களாம்" என்றாள் அம்மா. "உள்ளுக்குள்ளயே உருகிப் போறாங்க, பாவம்."

அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் மாலை போட்ட படம் ஒன்றும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. மாலை போடாத படமும் இல்லை.

பெரியவளாக இருந்திருந்தால் இத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பேன். எனக்கோ துப்புக் கிடைத்துவிட்டது. தகரப் பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய ஒரு புத்தகம் இருந்தது. 'உப்புக் கிடங்குப் பேய்' என்று தலைப்பு. அதை மட்டும் அத்தை படித்துக் காட்டியதே இல்லை. அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று அடையாளத்துக்கு வைத்திருந்தது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து ஒன்றுமே இல்லை, கிழித்தாகிவிட்டது. சீட்டு இருந்த பக்கத்தின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டேன்.

அந்தப் பையனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொடுத்துவிட்டால் அவன் நிம்மதியாகப் போய்விடுவான். அத்தையும் உருகுவதை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடுவார். எவ்வளவு சுலபம். இதை ஒருவரும் யோசிக்கவில்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது. அவன் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் ஓர் அம்மா அத்தனை புத்தகங்களையும் கிழித்துவைத்திருக்கிறாள் என்பது, பாபுவின் கதைக்கு அவர் சொன்ன பதிலைக் கேட்டிருந்தும், என் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

முழுப் பரீட்சை லீவில் திட்டக்குடி பக்கம் மங்களூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். அங்கே என் சித்தி மகனின் அலமாரியில், வேறு பத்துப் புத்தகங்களுக்கு நடுவில், அதே உப்புக் கிடங்கு. கடைசிப் பக்கம் வரை முழுசாக இருந்தது. அவனுக்கு என் ஜியோமெட்ரி பாக்ஸைக் கொடுத்துவிட்டு வாங்கினேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. படித்தும் பார்க்கவில்லை. அத்தையின் பையனோடு சேர்ந்து முதன்முறையாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த வயதில் அது எனக்குப் பெரிய தியாகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழுப்புத்தாள் அட்டை போட்ட புத்தகத்தோடு போய், "அத்த, இன்னைக்கி நான் படிக்கிறேன்" என்றேன். அத்தைக்கு சந்தோஷம். "படி, படி. எனக்கும் தொண்ட கட்டிக்கிட்டு இருக்குது" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். என்ன புத்தகம் என்று கேட்கவில்லை.

சீட்டு வைத்திருந்த இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாவது வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவரிலிருந்து முதுகு நிமிர்ந்தது. "வேணாம் பாப்பா" என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை வருடத்தில் என்னையே ஏமாற்றிப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. கேட்டது. கதைகளில் உண்மை வெளிவருகிற நேரத்தில் யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்வார்கள், துப்பறிகிறவர்கள் அதற்காக நிறுத்த மாட்டார்கள். நான் இன்னும் வேகமாகப் படித்தேன். செல்வியும் பாபுவும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒரு கதை முடியப்போகிறது அல்லவா. அத்தை எழுந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கியிருக்கலாம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதையில் நான்கு நண்பர்கள் கிடங்குக்குள் போகிறார்கள். வெள்ளையாக ஏதோ அசைகிறது. ஒருவன் பாய்ந்து பிடிக்கிறான். உப்பு திருடுகிற ஆள் போர்வை போர்த்திக்கொண்டு பயம் காட்டியிருக்கிறான். கடைசிப் பத்தியை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன்: "பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று இப்போதாவது புரிந்ததா என்றான் பெரியவன். எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள்." அதற்குக் கீழே கோடு போட்டு ஒரு சொல் இருந்தது. அதையும் விடாமல் படித்தேன். "முற்றும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அத்தை வாசல் பக்கம் பார்த்தார். யாரோ செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் வூட்டுக்குப் போங்க" என்றார். திட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜன்னலுக்குக் கீழே போனேன். அத்தை சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வருகிற அளவுக்கு நேரம் விட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம் தட்டில் கைவைத்தபடி அப்படியே இருந்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து மத்தியானத்தில் அவர் வீட்டுக்கு வருவதில்லை. மற்ற பெண்களோடு கம்பெனியிலேயே சாப்பிடுகிறார் என்று செல்வியின் அம்மா சொன்னார். "தெளிஞ்சிட்டாங்க" என்று தெருவில் எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டு மாதத்தில் திருப்பூருக்குக் கிளம்பினார். வழியனுப்ப அம்மா என்னையும் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனதும், "அத்த, தெரியாம பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சுத்தமாக இருந்தன. நகக்கண்ணில்கூடக் களிமண் இல்லாமல் அந்தக் கையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீ என்ன பண்ணுவ. நல்லாத்தான் படிச்ச" என்றார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காமல், "ஒன்னு கேக்குறேன் பாப்பா. நீ படிக்கிறப்ப அவன் அங்க இருந்தானா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது?

"இருந்தான் அத்த."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். எம் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தான். முடிவு வந்ததும் சிரிச்சான்."

அவர் முகம் மலர்ந்ததை எழுத எனக்கு வார்த்தை இல்லை. சின்னப் பெண்ணைப் போல் ஆகிவிட்டார். என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்து, "நீலச் சட்ட போட்டிருந்தானா?" என்றார்.

"ஆமா அத்த. நீலச் சட்டதான்."

அவர் ஏற வேண்டிய சேலம் பஸ்ஸின் கண்டக்டர் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். என் கன்னத்தை ஒரு முறை தடவினார்.

"அவங்கிட்ட நீலச் சட்டையே கெடையாது பாப்பா" என்றார். கோபமில்லை, குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. "அம்மாகிட்ட சொல்லிடு. போயிட்டு வரேன்."

பஸ் போய்விட்டது. அம்மா பாட்டிலோடு ஓடி வந்து, "அதுக்குள்ள ஏறிட்டாங்களா" என்று கேட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

என் பொய்யைப் பிடிக்கத்தான் அப்படிக் கேட்டார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேய்க்கதை படித்தவருக்கு மடக்கிக் கேட்கத் தெரியாதா? இப்போது எனக்கும் ஒரு பையன் இருக்கிறான். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அவனை உண்மையிலேயே பார்த்திருந்தால் நீலம் என்றதும் நான் உடனே மறுத்திருப்பேன். அந்த மறுப்புக்காகத்தான் என் கையை அப்படிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் 'நீலமில்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பஸ் ஏறாமல் வீட்டுக்கே திரும்பியிருப்பார்.